இடப்பக்கம் ஏறும் கோடு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமா பஸ்ஸை ஓட்டுகிறாரா, இல்லை பஸ்தான் மாமாவை ஓட்டிக்கொண்டிருக்கிறதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் உன்னிடமிருந்து நாலு வரி அதிகம் வரும்.

ஒரு செய்தி. எங்கள் படப்புதிர் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக நான் வரைவதை ஆயிரம் துண்டாக வெட்டிப் பெட்டியில் போடுகிறார்கள், வாங்குகிறவர்கள் மெனக்கெட்டு உட்கார்ந்து சேர்க்கிறார்கள். இப்போது என்னைப் போலவே வரையும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தயார் செய்யப்போகிறார்களாம். அதற்காக ஒரு இன்ஜினியரம்மா வந்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். என் படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார், ஓவியக் காலேஜில் சேரும்போது கொடுத்த பழைய படங்கள் உள்பட. அப்புறம் சொன்னார்: "படம் மட்டும் போதாது சார். படம் போடுற ஆளும் வேணும்."

முந்நூறு கேள்வி அக்கா. தனியாக இருப்பது பிடிக்குமா? முடித்த வேலை உடனே வெறுத்துப்போகுமா? பிடிவாதமா, சந்தேகமா? கூச்சமா, கர்வமா? இரண்டும் என்றால் இரண்டையும் டிக் செய்யலாமாம். படைக்கிறவர்கள் மனத்தில் எதிரெதிர்க் குணங்கள் ஒன்றாகக் குடியிருக்குமாம். "அப்போ நான் ரெண்டு ஆளா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அம்மா அப்பா இல்லை. நீதான் இருக்கிறாய். இணைத்திருக்கிறேன். திட்டி எழுதாதே, கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 29

சுண்டுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

உன் மாமாவும் நானும் நலம். முழங்கால், மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னை நினைவு வைத்திருக்கிறது. மூன்றாவது மாடியில் வீடு பிடித்த உன் மாமாவை நான் அப்போது நினைத்துக்கொள்கிறேன்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். கண்ணாடிக் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. லென்ஸ் தேய்க்கிற மேஜையிலேயே வைத்து எழுதினேன், தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிடு. என்ன கேள்வியப்பா இதெல்லாம். "பிறர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கண் வேறெங்காவது போகுமா?" போகும். "சாப்பாடு ஆறுவது தெரியாமல் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?" பார்ப்பார். "நெருங்கியவர்களின் துக்கத்தைக்கூடக் கவனித்து மனத்தில் குறித்துக்கொள்வாரா?" இதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் ஆமாம் போட்டேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது செருப்பு ஒன்று வாசலில் குப்புறக் கிடந்தது. அழுதுகொண்டே அதன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

112ஆம் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்று காலியாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

நேரத்துக்குச் சாப்பிடு. தனிக்கட்டை என்பதற்காக ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு இருமல், போய்விட்டது.

கம்ப்யூட்டர் வரைய ஆரம்பித்துவிட்டது. நேற்று முதல் படத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள். ஒரு தெரு, நாற்பது வீடு, மாடிகள், கொடிக் கயிறு, குடை ரிப்பேர்க்காரர், கூட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் படம்தான் அது. நான் வரைந்திருக்கக் கூடியது. சொல்லப்போனால், நல்ல நாளில் நான் வரைந்திருக்கக் கூடியது.

அப்புறம் கிட்டப் போய்ப் பார்த்தேன். நிழலுக்குப் போடும் கோடுகள் இருக்கிறதே, வலது கைக்காரன் போட்டால் அவை வலப்பக்கம் மேலேறும். என் படம் அத்தனையிலும் அப்படித்தான். இதில் எல்லாக் கோடும் இடப்பக்கம் ஏறியிருந்தது. இன்ஜினியரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது இடது கை ஆளோட கோடு சார். நீங்க இடது கையா?" என்றார். இல்லை என்றேன். "சரி பண்ணிடலாம்" என்றார். சரி பண்ணினார். இன்று வந்த படத்திலும் இடப்பக்கமே ஏறியிருக்கிறது.

இன்னொன்று. இரண்டு படத்திலும் மூன்றாவது மாடி ஜன்னல் ஒன்றில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளை வரையச் சொல்லவில்லை.

112ஆம் கேள்வியை ஏன் விட்டாய் என்று இன்ஜினியரம்மா கேட்கிறார். எனக்கு எந்தக் கேள்வி என்று தெரியாது, படிவத்தை ஒட்டித்தான் அனுப்பியிருந்தாய்.

தம்பி


ஏப்ரல் 3

சுண்டுவுக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கடையில் வேலை. இருமல் என்றால் வெந்நீர் குடி.

112 என்ன கேள்வி என்பது எனக்கும் மறந்துவிட்டது.

அந்த ஜன்னலில் வேறு என்ன இருக்கிறது?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை. கோபமா?

ஜன்னலைக் கேட்டிருந்தாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதுகிறேன். கம்பி போட்ட ஜன்னல், இடமிருந்து மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது. உள்ளே மேஜை, அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி, கடிகாரம் இல்லை. பச்சை பிளாஸ்டிக் வாளி. கொடியில் டிரைவர் சட்டை ஒன்று. இதுவரை அறுபது படம் வந்துவிட்டது. கடைத்தெரு, துறைமுகம், பள்ளி மைதானம் எதை வரையச் சொன்னாலும், எங்காவது ஒரு ஓரத்தில் அந்த ஜன்னலும் வந்துவிடுகிறது.

அவள் திரும்புகிறாள் அக்கா. ஒரு படத்துக்கு இம்மியளவு. அறுபதையும் வரிசையாக வைத்துப் பார்த்ததால் எனக்குத் தெரிந்தது. இப்போது காதும் கன்னத்தின் ஓரமும் தெரிகின்றன. ஆபீசில் சொன்னால், "கலைஞர் ஆச்சே, உங்களுக்கு எல்லாமே தெரியும்" என்கிறார்கள்.

நான் இப்போது வரைவதில்லை. அது வரைவதில் நல்லதைப் பொறுக்குவதுதான் என் வேலை. எல்லாமே நல்லதாக இருக்கிறது. என்ன பொறுக்குவது?

தம்பி


ஏப்ரல் 25

சுண்டு,

எல்லோரும் நலம். உன் மாமா உனக்கு எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாரா? கேட்டால் "எனக்கு அந்த போன்ல பேசவே தெரியாது, போட்டோவா" என்கிறார். நீ இந்த வீட்டுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. கடிகாரம் போன மாதம்தான் ரிப்பேருக்குப் போனது.

ஆனால் என் வாளி நீலம். அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது. இது வேறு யாரோ வீடு. வாளி நீலம்.

படத்தை எனக்கு அனுப்பாதே.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நினைக்கிறேன். இன்று மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது, அதனால் உடனே எழுதுகிறேன்.

அவள் முழுவதும் திரும்பிவிட்டாள். உன் முகம்தான். இரண்டு நாள் நான் ஆபீஸ் போகவில்லை. மூன்றாவது நாள் போய் நிதானமாகப் பார்த்தபோது, தாடையின் இடப்பக்கம் நாலு தையல் போட்ட தழும்பு இருந்தது. உனக்கு அப்படி ஒன்றும் கிடையாதே. உன்னைப் போல ஒருத்தி, அவ்வளவுதான். பச்சை வாளிக்காரி.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த முந்நூறு கேள்விக்கும் நான் என்னை நினைத்துப் பதில் எழுதவில்லை. முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். "எதையாவது பார்த்துக்கொண்டே உலகத்தை மறந்ததுண்டா?" நான் மறந்ததில்லை. மறந்தவளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் ஆமாம் போட்டேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டேன். படைக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆளை வைத்துத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை நேரில் பேச வேண்டும்.

தம்பி


ஜூலை 4

சுண்டுவுக்கு,

நீ நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை என்று தவித்திருப்பாய். உன் கடிதம் வந்த அன்று என் தாடையில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ஜூன் 9ஆம் தேதி மாடிப்படியில் கால் தடுக்கி விழுந்தேன். இடப்பக்கம் தாடை. டாக்டர் தைக்கும்போது எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்கக்கூட நினைத்தேன். நாலு போட்டார்.

விழுந்தபோது கையில் இருந்த நீல வாளி உடைந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் மாமா புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். என்ன நிறம் என்று எழுதத் தேவையில்லை. "கடையில இந்தக் கலர்தான் இருந்துச்சு, ஏன் அதையே முறைச்சுப் பாக்குற?" என்றார்.

ஆக, அது என்னைத்தான் வரைகிறது. எப்படி என்று எனக்குத் தெரியாது, ஏன் என்று தெரியும். உனக்கும் தெரியும். நேரில் பேச வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன். படிவத்தில் நானும் உன்னை நினைத்துப் பதில் போடவில்லை, அந்தச் செருப்பின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

112ஆம் கேள்வி: "அவர் வரைந்து நீங்கள் பார்த்த முதல் படம் எது?" நான் பார்த்த வரையில் காலேஜில் சேரும் வரை நீ ஒரு படமும் வரைந்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவித் தருவாய். அந்த வருடம் நான்தான் விண்ணப்பம் போட இருந்தேன். இருபது படம் தயாராகப் பெட்டியில் இருந்தது. ஒரு நாள் திறந்தேன், அடியில் விரித்த செய்தித்தாள் மட்டும் இருந்தது. இரண்டு வாரம் கழித்து உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வீடே கொண்டாடியது. நீ என்னைத் தவிர எல்லோரையும் பார்த்துச் சிரித்தாய்.

நாளைக்குச் சொல்லுவான் என்று நினைத்தேன். அந்த நாளை வர முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து என் இடது கை ஒரு கோடு போடவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஆனால் பென்சிலை எடுத்தால் உன் முகம் வந்தது. தம்பி முகத்தை வெறுக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் பென்சிலை வைத்துவிட்டேன்.

தாடை ஆறிவிட்டது.

அக்கா


ஜூலை 17

அக்கா,

எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை. தழும்பு வலிக்கிறதா?

நீ எழுதியது எல்லாம் உண்மை. பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு படத்தைத்தான் எடுக்க நினைத்தேன். பிறகு உன் பெயரின் மேல் ரப்பர் வைத்துத் தேய்த்தேன். இருபது முறை தேய்த்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. அதற்குப் பிறகு இவ்வளவு வருடமும் நான் வரைந்தது உன் கோட்டைப் பார்த்துப் பழகியதுதான். பழகினேன், வேலை கற்றேன், நல்ல பெயர் எடுத்தேன். ஆனால் ஒரு படத்தையும் முடித்துவிட்டு, இது என்னுடையது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை.

கடிதம் வந்த மறுநாள் மேனேஜரிடமும் இன்ஜினியரம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்பார்த்ததுபோல ஒன்றும் இடியவில்லை. இன்ஜினியரம்மா அந்தப் பழைய இருபது படத்தையும் எடுத்து மேஜையில் பரப்பினார். "அதான் பாத்தேன். நாலாயிரம் படம் உங்களுது. ஆனா அது இந்த இருபதைத்தான் பிடிச்சுக்கிச்சு" என்றார். மேனேஜர், "அப்போ அக்காவையும் கூட்டிட்டு வாங்க சார். அவங்ககிட்டயும் முந்நூறு கேள்வி கேட்டுடலாம்" என்றார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

நான் வேலையை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னேன். ஜனவரியில் ஒப்பந்தத்தில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். அது வரைந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் உட்கார்ந்து வரையப் பார்க்கிறேன். உன் கோடு இல்லாமல் வரைய வேண்டும் என்று வைராக்கியம். ஒரு டம்ளர்கூட வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 18

சுண்டுவுக்கு,

நலம். நீ சாப்பிடுகிறாயா? வேலையை விட்டவன் முதலில் சாப்பாட்டைத்தான் விடுவான்.

மன்னிப்பைப் பற்றி இப்போது பேச்சை எடுக்காதே. கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தது, எழுந்து போகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கம்பெனிக்கு நான் வர மாட்டேன்.

ஆனால் நேற்றுக் காலை ஒன்று நடந்தது. கடையிலிருந்து ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத் தாள்கள் கொண்டுவந்திருந்தேன். உன் மாமா டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் துணிக்கூடையை இடறினார், சட்டை எல்லாம் தரையில் சரிந்தது. ஒரு சட்டையின் கை மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பதுபோல இருந்தது. உட்கார்ந்து வரைந்துவிட்டேன். போகும் இடம் கைக்குத் தெரிந்திருந்தது. உன் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். "முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன், இது எனக்குத் தெரியாம எங்க வச்சிருந்த?" என்றார். நேற்று அவர் பஸ் பத்து நிமிடம் தாமதம்.

அது இப்போது என்ன வரைகிறது? இன்ஜினியரம்மா உன்னோடு பேசுவாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? களைப்பு ஏதாவது?

இன்ஜினியரம்மா கூப்பிட்டார், போய்ப் பார்த்தேன். நீ வரைந்ததாக எழுதியிருந்தாயே, சரிந்த சட்டைகள், நாற்காலியைப் பிடித்த கை. அந்தப் படம் அவர்களிடம் இருக்கிறது. ஜூலை 8ஆம் தேதி வந்ததாம். உன்னைப் பார்த்து அது வரையவில்லை, உனக்கு முன்னால் நடக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மற்றபடி ஜன்னல் படங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவள் வரைகிறாள். தலையில் நரை கொஞ்சம் கூடியிருக்கிறது. மேஜை மேல் தாள்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. இப்போதெல்லாம் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம் போயிருக்கும் என்கிறார் இன்ஜினியரம்மா. அவருக்கு என்ன தெரியும், சின்னப் பெண். சில படங்களில் ஜன்னல் சாத்தியிருக்கிறது. கம்ப்யூட்டர்தானே, தப்பும் பண்ணும்.

நீ கொஞ்ச நாள் இங்கே வந்து இரேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, எல்லாப் பரிசோதனையும் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். மாமாவையும் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வா. இங்கே வெயில் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

தம்பி


செப்டம்பர் 20

சுண்டு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ தூங்கவில்லை என்பது கையெழுத்தில் தெரிகிறது.

முதல் வரியில் ஒரு முறை, கடைசி வரியில் ஒரு முறை என்று இரண்டு தடவை உடம்பை விசாரித்திருக்கிறாய். நடுவில் நாய்க்குட்டி. பொய் சொல்ல உனக்கு எப்போதுமே வந்ததில்லை. பெட்டியைக் காலி செய்தபோதும் இரண்டு வாரம் வாய் திறக்காமல்தானே இருந்தாய்.

ஜன்னல் சாத்தியிருப்பது சில படங்களில் அல்ல. ஒரு படத்திலிருந்து அதற்குப் பிறகு எல்லாவற்றிலும், சரிதானே? அது எத்தனையாவது படம் என்று நீ எண்ணியிருப்பாய். அந்த எண்ணை எனக்கு எழுதாதே. போனிலும் சொல்லாதே. டாக்டரிடம் போகிறேன், உன் மாமாவுக்காக. வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

பயமா என்று கேட்பாய். அந்த வாளியைப் பார்த்தபோது பயந்தேன். இப்போது வேறு மாதிரி இருக்கிறது. மேஜை மேல் தாள் உயர்ந்துகொண்டே போகிறது என்று எழுதியிருக்கிறாயே, நீ எனக்கு எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். அத்தனையையும் நான் முடித்துவிடுகிறேன் என்று அர்த்தம். அது முன்னால் போய் வரைந்து வைத்திருந்தால் வைத்திருக்கட்டும். காலையில் என் கை தாளில் படும்போது அடுத்த கோடு எது என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு நொடி எனக்குப் போதும். அதை அது எங்கிருந்து எடுக்கும்?

அங்கே வர மாட்டேன். வெளிச்சம் இந்த ஜன்னலில்தான் நன்றாக இருக்கிறது. நீ வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு கேவலமாக வந்தாலும், உன் டம்ளரை வரை. நான் பார்க்க வேண்டும்.

வரும்போது தடித்த தாள் வாங்கி வா. ஒரு கட்டு போதாது.

அக்கா